வைஷாலி தாயியும் தைலவலியும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊரான தேஹு ரோட்டில் மூன்று நாளாக விடாத மழை. வைஷாலி தாயி மழைக்கோட்டைக் கழற்றி எங்கள் வாசல் கிரில்லில் தொங்கவிட்டார். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் சின்ன ஓடையாகிச் செருப்புகளை நோக்கிப் போயிற்று. உள்ளே வந்தவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"காகா, இது என்ன பாஷை?"

"தமிழ்."

"இதுவா?"

"தமிழா இருந்தது" என்றேன்.

திரையில் தலைகீழ்க் கேள்விக்குறிகள், தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், பவுண்டு அடையாளம், இன்னும் பெயர் தெரியாத பூச்சிகள். நடுநடுவே தேதிகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. பதினோரு வருஷம் நான் என் கையால் அடித்து வைத்த பக்கங்கள் அவை. அதில் எங்கோ ஒரு மருந்தின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எங்களுக்கு உடனே வேண்டும்.

போன வாரம் டிப்போ கேன்டீன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் தொடரில் சாப்பாடுதான் அதிகம் வருகிறது' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த வாரம் குறைத்துக்கொள்கிறேன். இது வைஷாலி தாயியைப் பற்றியது.

மராட்டியில் தாயி என்றால் அக்கா. காகா என்றால் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. என்னைவிட இருபது வயது இளையவரை நான் தாயி என்று கூப்பிட, அவர் என்னைக் காகா என்று கூப்பிடுவார். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனர் ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டு, "இன்னா மாமா, அந்தம்மா உங்களைக் காக்கான்னு கூப்பிடுது, நீங்களும் சிரிச்சுக்கினு நிக்கறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியும் மராட்டியும் கலந்த பாஷையில். இங்கே தமிழில் தருகிறேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

மாலதி எங்கள் ஒரே மகள். இருபத்தைந்து வயது. விமான் நகரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவாள், மூன்று நாள் வீட்டிலிருந்தே.

ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. நடுவில் நான்கு வருஷம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. போய்விட்டது என்றே நினைத்தோம். இந்தக் கோடையில் மறுபடி வந்தது. ஒரு தடவை குளியலறையில். ஒரு தடவை சிவாஜிநகர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில். வடா பாவ் விற்கிற ஒரு அம்மாள் அவள் தலைக்குக் கீழே தன் புடவைத் தலைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு, எனக்குப் போன் செய்தார்.

பழைய டாக்டர் க்ளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போய்விட்டார். புது டாக்டரும் ஒரு பெண்மணிதான். பொறுமையாக எல்லாம் கேட்டார். மாலதிக்குப் பதிமூன்று வயதில் ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதைச் சொன்னோம். உடம்பெல்லாம் சிவந்து, உதடு வெடித்து, கண் திறக்க முடியாமல், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாத்திரையோட பேர் என்ன?"

நான் ஒரு பெயரைச் சொன்னேன். என் மனைவி விஜயா வேறு பெயரைச் சொன்னாள். இரண்டு மாத்திரையுமே அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தவைதான்.

"ரோஸ் கலர் அட்டை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் விஜயா.

"இல்ல, நீல அட்டை. ரோஸ் அதுக்கப்புறம் வந்தது."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல ஊகத்துக்கு இடமே இல்லை. அதே மருந்து மறுபடி உள்ளே போனா உயிருக்கு ஆபத்து. பழைய சீட்டு ஏதாவது இருக்கா?"

இருந்தது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கூரை ஒழுகி, பரணில் வைத்திருந்த ஃபைல் கூழாகிப் போனது. அந்த ஆஸ்பத்திரியில் விசாரித்தால், அவ்வளவு பழைய காகிதங்களை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

"அப்பா கம்ப்யூட்டர்ல டெய்லி எழுதுவாரு" என்றாள் மாலதி. "என்கிட்ட காப்பி இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகித் திறந்தபோதுதான் அந்தப் பூச்சிகளைப் பார்த்தோம்.

கழுத்துச் சாய்ந்த எட்டு மாதங்கள்

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்த காலத்தில் நான் டிப்போவில் ஸ்டோர் கிளார்க். பார்க்கிற எதையும் பதிந்து வைக்கிற புத்தி அந்த வேலையில் வந்தது. மாலதிக்கு வலிப்பு என்று தெரிந்ததும், பழைய டாக்டர் "தினமும் குறிச்சு வையுங்க" என்றார். என் கையெழுத்தை எனக்கே படிக்க வராது. கணினியில் அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம். மகளைப் பற்றி எழுதுவதையாவது தமிழில் எழுதலாமே என்று தோன்றியது.

கோர்படியில் ஒரு அச்சகம் இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா நோட்டீஸை அங்கேதான் அடிப்போம். அந்த அச்சகக்காரர் ஒரு சி.டி. கொடுத்தார். அதிலிருந்த எழுத்துருவைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன்.

கணினியோடு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது உறைந்து நின்றால் மேலே மூடியிருந்த துணியை எடுத்துக் காற்று வாங்க விடுவேன். ஒரு தடவை திரையின் அடியில் இருக்கிற பட்டை இடப்பக்கமாகப் போய் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டது. எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. அதைத் திருப்பி வைக்கத் தெரியாமல் எட்டு மாதம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். விஜயா எனக்குக் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள்.

இன்னொரு தடவை பிரிண்டர் அசையவில்லை. கூழ் நோட்டீஸை அச்சடிக்கச் சொல்லி ஒரு தடவை அழுத்தினேன். வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கோபத்தில் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து பில்டிங்காரர் ஒருவர் வைஷாலி தாயியின் நம்பரைக் கொடுத்தார்.

"கடைசியா என்ன செஞ்சீங்க?"

அவருடைய முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"நான் ஒண்ணுமே பண்ணலை" என்றேன்.

"எல்லாருமே அதைத்தான் சொல்வாங்க" என்று சிரித்தார். "தப்புக் கண்டுபிடிக்கக் கேக்கலை காகா. எந்த வழியா வந்தோம்னு தெரிஞ்சா திரும்பிப் போறது சுலபம், அதுக்குத்தான்."

பிரிண்டருக்குள் காத்திருந்த வரிசையைத் திறந்து காட்டினார். முப்பத்து நான்கு கூழ் நோட்டீஸ் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலாவது சிக்கிக்கொண்டதால் மற்ற முப்பத்து மூன்றும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. வரிசையைத் துடைத்தார். பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டார். ஒரே ஒரு நோட்டீஸ் வெளியே வந்தது. போகிற போக்கில், இடப்பக்கம் நின்றிருந்த பட்டையைச் சுண்டெலியால் பிடித்து இழுத்துக் கீழே விட்டார். எட்டு மாதத்துக் கழுத்து வலி இரண்டு நொடியில் தீர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணினிக்கு அவர்தான் டாக்டர். ஸ்கூட்டரில் ஒரு பை. பையில் நாலைந்து ஒயர்கள், ஒரு சின்ன டார்ச், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைப்பார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார். செய்ததை நோட்டில் எழுதுவார். சரியாகவில்லை என்றால் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். தெரியாததைத் 'தெரியலை' என்று சொல்வார். முப்பத்தைந்து வருஷம் ஒரு டிப்போவில் அதிகாரிகளோடு வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இதற்கெல்லாம் அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. கல்யாணமான புதிதில் கோர்ட் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து வக்கீல்களுக்கு மராட்டியில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். நாலு பேர் வரிசையில் நிற்கும்போது கணினி மக்கர் செய்தால் ஆள் கூப்பிட நேரம் ஏது? தானே பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

கோர்படிக்கு ஒரு நடை

மறுபடி அந்த ஆடி ஞாயிறு.

"இந்த எழுத்துருவோட பேர் என்ன?" என்று கேட்டார் தாயி.

தெரியவில்லை. சி.டி. தொலைந்து பல வருஷம். பழைய கணினியைக் கழித்துக் கட்டியபோது மாலதி என் பக்கங்களை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். எழுத்துருவையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கணினி பங்கார் கடைக்குப் போய்விட்டது. பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிற கடை.

தாயி இணையத்தில் தேடி, பழைய தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சிலவற்றில் தமிழ் எழுத்துகளே வந்தன. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நான் படித்தேன்: "ஙூபழ றௌடீ ஞ்சா."

"என்ன அர்த்தம்?" என்று ஆவலாகக் கேட்டார் தாயி.

"அர்த்தம் ஒண்ணும் இல்லை."

எழுத்துகளை மாற்றித் தருகிற தளங்களிலும் போட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே கதைதான். "இது அந்த அச்சகத்துக்குன்னு யாரோ தனியா செஞ்ச எழுத்துரு போல இருக்கு" என்றார்.

மறுநாள் ஷேர் ஆட்டோ, லோக்கல் ரயில், பஸ் என்று மாறி மாறி நான் கோர்படிக்குப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிற கடை. அச்சகக்காரரைப் பற்றிக் கேட்டேன். கடையில் இருந்த பெண்ணுக்கு அங்கே ஒரு அச்சகம் இருந்ததே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். மாலதி அன்று விமான் நகர் ஆபீஸுக்குப் போயிருந்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என் கண் பிளாட்பாரத்தைத்தான் பார்த்தது.

இரண்டு சொற்கள்

விஷயத்தைச் சொல்ல தாயிக்குப் போன் செய்தேன். நோட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "காகா, தினமும் எழுதுவீங்களே, முதல்ல என்ன எழுதுவீங்க? ஒரே மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. வலிப்பு வராத நாள் எல்லாவற்றிலும், தேதிக்குப் பக்கத்தில் முதலில் நான் அடிப்பது இரண்டே சொற்கள்: மாலதி நலம்.

"அடுத்த ஞாயிறு வர்றேன். மாலதியும் இருக்கட்டும்" என்று போனை வைத்தார்.

வந்தார். பக்கத்தைத் திறந்தார். தேதிகளுக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம் பூச்சிகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. நான் அதுவரை கவனிக்கவே இல்லை. தாயி நோட்டில் அதை அப்படியே வரைந்துகொண்டார்.

"முதல் சொல்லில் மூணாவதா இருக்கிறதும், ரெண்டாவது சொல்லில் ரெண்டாவதா இருக்கிறதும் ஒண்ணு. பாருங்க, தொப்பி போட்ட ஏ. அங்கே என்ன எழுத்து வரும்?"

ம-துணைக்கால்-ல-தி. ந-ல-ம். நான் விரலால் மேஜையில் எழுதிப் பார்த்தேன்.

"ல" என்றேன். "ரெண்டு இடத்திலும் ல!"

மாலதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் பாதி இந்தியில். படிக்க அவ்வளவாக வராது. நான் எழுத்தைச் சொல்லச் சொல்ல, அவள் தாயியின் நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். இடப்பக்கம் பூச்சி, வலப்பக்கம் தமிழ். இரண்டு சொற்களிலேயே ம, ல, த, ந எல்லாம் கிடைத்துவிட்டன. கிடைத்ததைத் தாயி பக்கம் முழுக்க மாற்றினார். பாதி தமிழும் பாதி பூச்சியுமாகச் சொற்கள் எட்டிப் பார்த்தன. 'மா' தெரிந்து 'தி' தெரிந்தால் மிச்சம் இருப்பதை ஊகித்துவிடலாம். மாத்திரை. அதிலிருந்து இன்னும் இரண்டு எழுத்து. அதை வைத்து இன்னும் பத்துச் சொல்.

தமிழே தெரியாத ஒருவர், அரைகுறையாகத் தெரிந்த ஒருத்தி, கணினி தெரியாத நான். மூன்று பேரும் சேர்ந்து மத்தியானத்துக்குள் அறுபது எழுத்துகளைப் பிடித்துவிட்டோம். விஜயா சாதம் ஆறுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை அவளே வந்து பின்னால் நின்றுகொண்டாள்.

தைலவலி

அப்போதுதான் ஒரு தடங்கல். எழுத்துகள் எல்லாம் சரி, ஆனால் சொற்கள் நொண்டின. நான் சத்தமாகப் படித்தேன். "இன்று எழுந்ததும் தைலவலி என்றாள்."

"தைலவலியா?" என்றாள் மாலதி. "அப்படின்னா? தைலம் தேய்ச்சு எனக்கு வலி வந்துச்சா?"

விஜயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அது தலைவலி. ஆனால் ஏன் இப்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று புரியவில்லை. நான் 'லை' என்கிற எழுத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் இரட்டைச் சுழி, பிறகு ல.

தாயி அதைப் பார்த்தார். சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அரே, இது எங்க வேலாண்டி!"

மராட்டியில் 'கி' எழுத, கொக்கியை முதலில் போட்டுவிட்டுக் 'க'வைப் பக்கத்தில் எழுதுவார்கள். சொல்லும்போது 'க'தான் முதலில். அந்தக் கொக்கிக்குப் பெயர் வேலாண்டி. பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொக்கியை முதலில் அடித்து வைப்பார்கள். புது முறை, வாயால் சொல்கிற வரிசை. கோர்ட்டில் புது முறை வந்தபோது, தாயி அடித்து வைத்திருந்த அத்தனை மனுக்களிலும் கொக்கிகள் பக்கத்து எழுத்தில் போய்த் தொங்கினவாம். யாரும் சரிசெய்து தரவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து, கொக்கியையும் எழுத்தையும் இடம் மாற்றுகிற வழியை அவரே கண்டுபிடித்தார்.

"உங்க பாஷையில இந்த மாதிரி முன்னால வர்றது எத்தனை?"

"கொம்பு, ரெட்டைக் கொம்பு, இந்தச் சுழி. மூணு."

"எங்களுக்கு ஒண்ணு. உங்களுக்கு மூணு. பரவாயில்லை."

ஏதோ நாலு வரி கட்டளை எழுதினார். முதலில் நகலில் போட்டுப் பார்த்தார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது.

"படிங்க காகா."

"இன்று எழுந்ததும் தலைவலி என்றாள்."

நான் படித்ததில் தாயிக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். விஜயா உள்ளே போய் நாலு தட்டு எடுத்து வந்தாள். அன்று சாப்பாடு என்ன என்று எழுதமாட்டேன். வாசகருக்குக் கொடுத்த வாக்கு.

அந்தப் பக்கம்

சாப்பிட்ட பிறகு பதிமூன்றாவது வயதைத் தேடினோம். தேதி வாரியாக நகர்ந்து ஏப்ரலுக்கு வந்தோம். புது மாத்திரை என்ற சொல் கண்ணில் பட்டது. அதோடு இன்னொன்றும் எனக்கு நினைவு வந்தது. அடுத்து மே மாதம். அதில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது நினைவு வந்தது.

அந்த நேரத்தில் மாலதிக்கு ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனாள். விஜயா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "தாயி, மே மாசத்துல ஒரு நாலஞ்சு வரி இருக்கு. அது டாக்டருக்கு வேண்டாம். அதை எடுத்துடுங்க."

"எந்த வரி?"

காட்டினேன். அவருக்கு அது வெறும் சுழிகள்தான். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

"காகா, எழுத்தை மாத்தித் தர்றது என் வேலை. எழுதினதை மாத்துறதை நான் செய்யமாட்டேன். உங்க பக்கம், நீங்க செய்யலாம்." லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "எந்தப் பட்டன்னு உங்களுக்குத் தெரியும்."

அப்படிச் சொல்லிவிட்டு, ஒயர்களைச் சுருட்டுகிற சாக்கில் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் அழிக்கிற விசையின் மேல் விரலை வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பால்கனியில் மாலதி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிளாட்பாரத்தில் விழுந்து எழுந்த மூன்றாம் நாளே அதே ரயிலில் ஏறி வேலைக்குப் போனவள். அவளிடமிருந்து எதை ஒளிக்கிறேன் என்று தோன்றியது. விரலை எடுத்தேன்.

மாலதி வந்து உட்கார்ந்தாள். "கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுது. படிக்கிறேன், கேளு."

படித்தேன். "மாலதி நலம். புது மாத்திரை தொடங்கி இருபத்திரண்டாம் நாள். நாளை நானும் விஜயாவும் குடியாத்தம் போகிறோம். அண்ணன் மகள் கல்யாணம். மாலதியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறோம். கூட்டத்தில் வலிப்பு வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அண்ணனிடம் அவளுக்குப் பரீட்சை என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன்."

அடுத்த தேதியில் மூன்று நாள் இடைவெளி. அதற்குப் பிறகு: "முகூர்த்தத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டிலிருந்து போன். உதடெல்லாம் புண்ணாம், உடம்பு சிவந்துவிட்டதாம். உடனே புறப்பட்டோம். ஆபீஸில் அவசரம் என்று அண்ணனிடம் சொன்னேன்." அதற்கும் கீழே மாத்திரையின் பெயர். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எல்லாம்.

விஜயா சொன்னதுதான் சரி. ரோஸ் அட்டை. ஆனால் அவள் அப்போது அதைப் பற்றிப் பேசவில்லை. சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

நான் மாலதியைப் பார்க்காமல், "தப்புதான்மா" என்றேன். "நீ அழுதே. நானும் டிக்கெட் இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறையா..."

"டிக்கெட் ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சுப்பா" என்றாள் மாலதி. "நான் பார்த்தேன். மூணு பேர் பேரு இருந்துச்சு. என் பேரும் இருந்துச்சு."

பன்னிரண்டு வருஷம். "ஏம்மா கேக்கலை?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள். "திரும்பப் படிங்க. நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன். டாக்டருக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம். நீங்க ஊர்ல இல்லாதப்பதானே ஆரம்பிச்சது? எந்த நாள்னு அவங்க கேப்பாங்க இல்ல?"

இரண்டு போன்கள்

டாக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மாத்திரையின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். "நான் எழுதித் தரலாம்னு யோசிச்சிருந்தது இதே குடும்பத்து மருந்து. இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்று வேறு வகையில் ஒன்றை எழுதினார். பதினோரு வருஷத்துப் பக்கங்களும் வேண்டும் என்றார். மாலதி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கொடுத்து வருகிறாள். புது மருந்து ஆரம்பித்ததிலிருந்து இதை எழுதுகிற வரைக்கும் அவளுக்கு வலிப்பு வரவில்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன், பயம்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தாயிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்றேன்.

"சரி காகா. அந்தப் பக்கங்களை மூணு இடத்துல நகல் எடுத்து வையுங்க. ஒண்ணு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்" என்றார். பின்னால் ஏதோ பிரிண்டர் கறகறவென்று சத்தம் போட்டது. யாரோ ஒருவர் "நான் ஒண்ணுமே பண்ணலை" என்று மராட்டியில் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு போன் பாக்கி இருந்தது.

ஆவணியில் அண்ணனின் இரண்டாவது மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூத்த மகள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் எழுந்து போன தம்பியை அண்ணன் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. பேசுவார். நலம் விசாரிப்பார். அதற்கு மேல் போகமாட்டார். நானும் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து, மாலதியையும் விஜயாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குடியாத்தத்துக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து தொடங்கினேன். பரீட்சை என்று சொன்னது, ஆபீஸ் அவசரம் என்று சொன்னது, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், எல்லாம் சொன்னேன். மாலதி மூன்று வயதுப் பிள்ளை மாதிரி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லைன் போய்விட்டதோ என்று "அண்ணே, அண்ணே" என்றேன்.

"இருக்கேன்" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்ன வயதில் என்னை அதட்டுகிற அதே குரலில் சொன்னார்.

"டிக்கெட் போடும்போது பார்த்துப் போடுடா. குழந்தைக்கு மேல் பெர்த் வேணாம். கீழ் பெர்த் போடு."